இரவில் லயன் ராக் பக்கம் ஓடுவது: ஹெட்லாம்ப்பை அணைக்கலாமா?

ஷாடின்புதுசு:
எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி ஹாங்காங் வந்திருக்கிறேன், ஷா டினில் வீடு. சென்னையில் பெசன்ட் நகர், ஈசிஆர் என்று தார் ரோட்டில் மட்டும் ஓடிப் பழகியவன். இங்கே ஷிங் முன் ஆற்றங்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிமிர்ந்தால் லயன் ராக் தெரிகிறது. ராத்திரி அந்த மேட்டில் சின்னச் சின்ன விளக்குகள் நகர்வதைப் பார்த்தால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

யோசித்து வைத்திருப்பது இதுதான்: வேலை முடிந்ததும் ஷா டின் கணவாய் வரை ஏறி, மெக்லிஹோஸ் என்ற நீண்ட மலைப்பாதையின் 5ஆம் பகுதியில் பீக்கன் ஹில் வரை ஓடி இறங்குவது. அலுவலகத்தில் ஒருவர், "கீழே கவுலூன் நகரப்பகுதி முழுக்க விளக்கு எரிகிறது, விளக்கே வேண்டாம், நிலா வெளிச்சம் மாதிரி இருக்கும்" என்றார். நம்பலாமா? பாம்பைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். வீட்டில் முதல் கேள்வியே அதுதான்.

கவுலூன்வாசி:
வாங்க தம்பி. நல்ல பாதையைத்தான் பிடித்திருக்கிறீர்கள். இந்த ஊரில் கோடையில் பகலில் மலையேறுவது தண்டனை. ராத்திரி முழுக்க வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அதை "வெப்ப இரவு" என்று வானிலை மையம் கணக்கு வைக்கிறது. அப்படி இரவுகள் இங்கே வரிசையாக வரும். மேட்டில் கொஞ்சம் காற்றாவது இருக்கும். அதனால்தான் இங்கே பலரும் இருட்டிய பிறகு ஓடுகிறார்கள்.

விளக்கு விஷயத்தில் உங்கள் அலுவலக நண்பர் சொன்னதில் பாதி சரி. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. கவுலூனில் இருக்கும் சிம் ஷா சுய் வானம், இயற்கையான இருட்டு வானத்துக்கு வைத்திருக்கும் அளவைவிட 1,200 மடங்கு வெளிச்சம் என்று சொன்னது. அந்த வெளிச்சம் மலைக்கும் வரத்தான் செய்யும். இன்னொரு வேடிக்கை உண்டு. நம் கிராமங்களில் மேகம் மூடினால் கும்மிருட்டு. இங்கே தலைகீழ். மேகம் தாழ்வாக இருக்கும் இரவில் நகரத்து வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி விழுகிறது, மேடு முழுக்க ஒரு ஆரஞ்சு கலந்த சாம்பல் நிறமாகிவிடும். நிலாவே இல்லாத மேக இரவில் திறந்த வெளியில் என் காலணியின் நாடா எனக்குத் தெரியும். வானம் சுத்தமாக இருந்தால்தான் பாதை இருட்டு.

திறந்த மேட்டில் நான் விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவேன். அந்த சுகமே தனி. நகரத்தைப் பார்க்கத்தானே ஏறுகிறோம்?

ஈரக்காலணி:
வாசி அண்ணா சொன்ன மேகக் கணக்கு சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. புதியவர் படிக்கிறார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பாதை எங்கே இருக்கிறது? மெக்லிஹோஸ் 5ஆம் பகுதி டேட்ஸ் கேர்னில் தொடங்கி டாய் போ ரோடு வரை 10.6 கிலோமீட்டர். லயன் ராக் உச்சி 495 மீட்டர், ஆனால் பிரதான பாதை அந்த உச்சிக்குப் போவதே இல்லை. உச்சிக்கு ஒரு கிளைப்படி பிரிகிறது. பிரதான பாதை பெரும்பாலும் மரத்தடியில்தான் போகிறது. மரத்தடியில் மேகமும் கிடையாது, கவுலூனும் கிடையாது. இலைக்கூரைக்குள் நுழைந்த கணமே வெளிச்சம் காணாமல் போகும். அங்கே என்ன இருக்கிறது? படிகள். சிமெண்ட் படி, கல் படி, பாதி உடைந்த படி, ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவராத படி.

இரண்டாவது, கண். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம் ஆகும். மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள் மெதுவாகத்தான் விழிக்கும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் உடனே சுருண்டுவிடும். இப்போது மேட்டில் ஓடுகிறீர்கள், இடது பக்கம் கவுலூன் பூராவும் எரிகிறது. ஒரு தடவை திரும்பி ரசித்தீர்கள் என்றால் சேர்த்த பழக்கம் போச்சு. அடுத்த வளைவில் மரத்தடி. கண் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காட்டுக்குள் நிஜ இருட்டில் விளக்கில்லாமல் நடப்பதைவிட, எரிகிற நகரத்துக்கு மேல் விளக்கில்லாமல் ஓடுவதுதான் மோசம். காட்டில் கண்ணுக்குப் பழக நேரம் கிடைக்கும், இங்கே அது கிடைக்காது.

வெளிச்சம் நிறைய இருக்கிறது, ஆனால் அது காலடியில் இல்லை. இதுதான் விஷயம்.

கவுலூன்வாசி:
திறந்த மேட்டில் என்றுதானே சொன்னேன். மரத்தடியில் அணைக்கச் சொல்லவில்லை.

ஈரக்காலணி:
திறந்த மேடு எங்கே முடிகிறது, மரத்தடி எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கே வருஷக்கணக்காக ஓடுகிறவர். தம்பிக்குத் தெரியாது.

கவுலூன்வாசி:
அது சரி.

கணக்குப்பிள்ளை:
ஹெட்லாம்ப் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. கடையில் 1,000 லூமென், 1,500 லூமென் என்று (லூமென் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) காட்டி ஆசை மூட்டுவார்கள். ஓடுவதற்கு 200 முதல் 300 லூமென் தாராளம். அதுவும் ஏறும்போது 100 போதும், இறங்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது அந்த அளவில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதைத்தான். பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரம் பெரும்பாலும் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கானது, பொடி எழுத்தைப் படியுங்கள்.

அப்புறம், நெற்றி விளக்கில் ஒரு குறை உண்டு. விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகத் தெரியும். தோசைக்கல் மாதிரி இருக்கிறதே என்று காலை வைத்தால் நாலு அங்குலப் பள்ளம். இதற்கு வழி, இடுப்பில் ஒரு விளக்கு, அல்லது கையில் ஒன்று. ஒளி கீழிருந்து சாய்ந்து வரும்போது ஒவ்வொரு கல்லுக்கும் நீளமான நிழல் விழும், உயரம் கண்ணுக்குப் புரியும். நான் இடுப்பில் ஒன்று, நெற்றியில் ஒன்று. நெற்றியில் இருப்பது தூரம் பார்க்கவும் பலகை படிக்கவும்.

இரண்டு விளக்கு இருப்பதில் இன்னொரு லாபம் சொல்லத் தேவையில்லை. ஒன்று செத்தால் மற்றொன்று.

ஷாடின்புதுசு:
மிக்க நன்றி அனைவருக்கும். இந்த நிழல் விஷயம் யோசித்ததே இல்லை. மூடுபனி வந்தால்? மார்ச்சில் ஷா டினிலிருந்தே மலை தெரியாமல் போகும் என்கிறார்களே.

கணக்குப்பிள்ளை:
மார்ச், ஏப்ரலில் வீட்டுச் சுவரே வியர்க்கும், பார்ப்பீர்கள். மலையில் மேகத்துக்குள்ளேயே ஓடுவது போல இருக்கும். அப்போது நெற்றி விளக்கு எதிரி. பனித்துளியில் பட்டு வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது, முன்னால் வெள்ளைச் சுவர். விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்து முழங்கால் உயரத்தில் பிடியுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். கூட்டினால் இன்னும் மோசம். டாய் மோ ஷான் 957 மீட்டர், இந்த ஊரின் உச்சி. அங்கே தார் ரோடே இருக்கிறது, ஆனாலும் பனியில் ரோட்டின் ஓரக்கோடு தெரியாமல் நடப்பவர்கள் உண்டு.

மலைக்காக்கை:
பாம்பு கேட்டீர்களே, யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பெண்ணாகத் தனியாகவும் ஓடுகிறேன், கூட்டத்தோடும் ஓடுகிறேன், அதனால் இந்தக் கேள்வி எல்லோரும் என்னிடம் கேட்பார்கள்.

இருக்கிறது. ராத்திரி சுற்றும் இரண்டு வகையைக் கவனிக்க வேண்டும். ஒன்று கட்டுவிரியன் வகை, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டது, தண்ணீர் ஓரத்தில் அதிகம். தானாக வந்து கடிக்காது, மிதித்தால்தான் வம்பு. இன்னொன்று மூங்கில் குழிவிரியன். பச்சை நிறம், வால் மட்டும் சிவப்பு. இது தரையில் மட்டும் இருக்காது. செடியில், தாழ்ந்த கிளையில், சில சமயம் கைப்பிடிக் கம்பியிலேயே சுருண்டிருக்கும். அதனால் படியிறங்கும்போது பார்க்காமல் கம்பியைப் பிடிக்காதீர்கள், விளக்கு அதற்குத்தான். மலைப்பாம்பும் உண்டு, அது உங்களைக் கண்டுகொள்ளாது. கடித்தால் ஓடக் கூடாது, உட்கார்ந்து 999 அழைக்க வேண்டும். கட்டி இறுக்குவது, கீறி உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும்.

உண்மையில் நான் தினம் திட்டுவது பாம்பை அல்ல, சிலந்தியை. இங்கே ஒரு பெரிய வலைச்சிலந்தி, கை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு இருக்கும், கோடை முடிவில் பாதைக்குக் குறுக்கே மஞ்சள் நூலில் வலை கட்டும். முதலில் ஓடுகிறவர் முகத்தில்தான் அத்தனையும். கூட்டமாகப் போனால் உயரமானவரை முன்னால் விடுவது எங்கள் வழக்கம். அவருக்கு இன்னும் காரணம் தெரியாது.

கண்கள் பற்றி ஒன்று. நெற்றி விளக்கில் தரையில் பச்சையும் நீலமுமாகப் பொடிப்பொடியாக மின்னினால் பனித்துளி என்று நினைக்காதீர்கள், ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். தூரத்தில் உயரமாக இரண்டு பச்சை வட்டம் தெரிந்தால் மாடு. விவசாயம் நின்ற பிறகு அவிழ்த்துவிட்ட மாடுகளின் வாரிசுகள் சாய் குங் பக்கமும் லாண்டாவ் தீவிலும் மலையில் திரிகின்றன. ஆனால் காட்டுப்பன்றிக்குக் கண் அப்படி மின்னாது. விழித்திரைக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிப் படலம் பன்றிகளுக்கு இல்லை. எனவே கண் தெரியவில்லை, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், உறுமலைக் கேளுங்கள். குட்டி இருந்தால் நில்லுங்கள், அவை கடந்து போகட்டும். கையில் தின்பண்டப் பை ஆட்டாதீர்கள்.

அப்புறம் ராத்திரி காட்டுக்குள்ளிருந்து நாய் குரைப்பது போல, ஆனால் தொண்டை கட்டிய நாய் போல ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்டால் திரும்பி ஓடத் தோன்றும். அது கேளையாடு. உங்களைக் கண்டு அதுதான் பயந்து கத்துகிறது.

நான் நிஜமாகவே பயப்படுவது நீர்ப்பிடிப்புக் கால்வாய் ஓரத்து நாய்களுக்கு. கட்டுமான இடங்களிலும் பழைய தோட்டங்களிலும் விட்டுப்போன நாய்கள் கூட்டமாக இருக்கும். ஓடாதீர்கள், நடங்கள், விளக்கை அவற்றின் கண்ணுக்கு நேரே பிடியுங்கள்.

ராத்திரிவண்டி:
அக்கா, அந்த உயரமானவர் நான்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

மலைக்காக்கை:
:)

சிறுவாணிக்காற்று:
கோவையிலிருந்து பொறாமையோடு எழுதுகிறேன். மருதமலை, வெள்ளியங்கிரி எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கீழே நகரமும் ஜொலிக்கிறது, ஆனால் ராத்திரி அந்தக் காட்டுக்குள் ஓடுவதை நினைக்கவே முடியாது. காப்புக்காடு, அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு. வழக்கை விடுங்கள், யானை. கேளையாடு கத்தினால் இங்கே நாங்கள் கேளையாட்டைப் பற்றி யோசிக்க மாட்டோம், அது எதைப் பார்த்துக் கத்துகிறது என்று யோசிப்போம். உங்கள் ஊரில் சிறுத்தை, புலி எதுவும் கிடையாதா?

கவுலூன்வாசி:
இப்போது இல்லை. முன்பு சீன எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து புலி வரும். 1915-ல் ஷெங் ஷுய் பக்கம் ஒரு புலி போலீஸ்காரர்களைக் கொன்றது. 1942-ல் ஜப்பானியர் ஆட்சியில் ஸ்டான்லியில் ஒன்றைச் சுட்டார்கள், அதன் தோல் அங்கே டின் ஹாவ் கோயிலில் இன்னமும் மாட்டியிருக்கிறது, புகை படிந்து கறுத்துப்போய். பெரிய விலங்கு இல்லாததுதான் இந்த ஊரில் ராத்திரி ஓட்டம் சாத்தியமானதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் சட்டம். 1976-ல் கிராமப்புறப் பூங்காச் சட்டம் வந்தது, இன்று நிலப்பரப்பில் 40 சதவீதம் அளவுக்கு அந்தப் பூங்காக்கள்தான். ராத்திரி கதவு சாத்துவதில்லை. நகரத்து மெட்ரோ வாசலில் இருந்து அரை மணி நேரத்தில் காட்டுப்பாதை, நுழைவுச்சீட்டும் கிடையாது. இப்படி ஒரு நகரம் வேறு எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

நடைமட்டும்:
ஓடுகிறவர்களுக்கு நடக்கிறவன் ஒருவனின் மனத்தாங்கல். அந்தக் காடு ராத்திரியில் விலங்குகளுக்கு மிச்சமிருக்கும் ஒரே நேரம். பகல் முழுக்க மனிதர்கள். இப்போது ராத்திரியும் ஆயிரம் லூமென் விளக்கோடு, கழுத்தில் பாட்டுப் பெட்டியோடு. முள்ளம்பன்றி, புனுகுப்பூனை எல்லாம் எப்போது வெளியே வரும்? ஏற்கெனவே நகரத்து வெளிச்சம் அந்தச் சரிவுகளை முழு இருட்டாகவே விடுவதில்லை.

ஈரக்காலணி:
பாட்டுப் பெட்டிக்காரர்களைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். விளக்கைப் பொறுத்தவரை, ஓடுகிறவன் ஓர் இடத்தை ஒரு நிமிஷத்தில் கடந்துவிடுகிறான். கீழே ஒரு விளம்பரப் பலகை ராத்திரி முழுக்க அதே சரிவை வெளுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்பதும் உண்மைதான். குறைந்த வெளிச்சம், தரையை நோக்கிய வெளிச்சம், பாதையை விட்டு விலகாமை. இந்த மூன்றும் செய்தால் போதும் என்பது என் எண்ணம்.

நடைமட்டும்:
அரைகுறையாக ஏற்கிறேன்.

கவுலூன்வாசி:
பலகை வெளிச்சம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பயனுள்ள தகவல். 2016-ல் வெளிப்புற விளக்குகளுக்கு ஒரு உறுதிமொழித் திட்டம் வந்தது. சேர்ந்த கடைகளும் கட்டடங்களும் அலங்கார விளக்குகளை ராத்திரி 11 மணி, 12 மணி என்று தாங்கள் ஒப்புக்கொண்ட நேரத்தில் அணைக்க வேண்டும். கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஆனாலும் மேட்டில் நின்றால் தெரியும், 11-க்கும் 12-க்கும் நடுவே கவுலூன் பகுதி பகுதியாக மங்கும். துறைமுகத்து ஒளிக்காட்சி 8 மணிக்குத் தொடங்கிச் சுமார் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எனவே "மேக வெளிச்சம்" என்று நான் சொன்னது முன்னிரவுக் கதை. நள்ளிரவுக்கு மேல் அதே மேடு கணிசமாக இருட்டும். தம்பி 10 மணிக்குப் பார்த்ததை வைத்து 1 மணிக்குத் திட்டம் போடக் கூடாது.

ராத்திரிவண்டி:
திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மெட்ரோ ராத்திரி 1 மணி வாக்கில் நின்றுவிடும். அதற்குப் பிறகு எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து 'என்' போட்ட இரவுப் பேருந்துகளும், சிவப்பு மினிபஸ்களும், டாக்ஸியும்தான். 5ஆம் பகுதியின் நல்ல குணம், நடுவில் இறங்க வழிகள் உண்டு. ஷா டின் கணவாயிலேயே மனசு மாறினால் தார் ரோட்டில் கவுலூன் பக்கம் ட்ஸ் வான் ஷான் இறங்கிவிடலாம். லயன் ராக்கைத் தாண்டிய பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் இறங்க வேண்டுமானால் அம்மா பாறை வழி ஹுங் முய் குக் வந்து டாய் வாய் போகலாம். கணவனுக்காகக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு காத்திருந்து கல்லாய்ப் போனவள் கதை, அந்தப் பாறை. அதே 5ஆம் பகுதியைக் கடைசி வரை ஓடினால் டாய் போ ரோடு, குரங்குகள் ராஜ்ஜியம். ராத்திரி அவை மரத்தில் தூங்கும், பிரச்சினை இல்லை. விடியும்போது வாழைப்பழத்தோடு அங்கே நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

மிக முக்கியமானது தூரக் கம்பம். இந்த ஊரின் நீண்ட பாதைகளில் 500 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். மெக்லிஹோஸ் 100 கிலோமீட்டர், கம்பங்கள் எம்000-லிருந்து எம்200 வரை. ஹாங்காங் பாதை 50 கிலோமீட்டர், அதற்கு எச் எழுத்து. கால் சுளுக்கி உட்கார்ந்தால் 999 அல்லது 112 அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், நீங்கள் எந்த மரத்தடியில் இருக்கிறீர்கள் என்று விளக்க வேண்டாம். அதனால் ஓடும்போது கடைசியாகப் பார்த்த எண்ணை மனதில் சொல்லிக்கொண்டே போவது என் பழக்கம். எல்லைப் பக்கத்து மலைகளில் கைப்பேசி அந்தப் பக்கத்துச் சீன நகரமான ஷென்ஜென் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், அங்கே இன்னும் கவனம். லயன் ராக்கில் அந்தத் தொல்லை இல்லை.

பழையகாகிதம்:
இந்தப் பாதையில் ராத்திரி ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவர்கள் யார் என்று பேசாமல் இந்த இழை முழுமையாகாது. மெக்லிஹோஸ் பாதை திறந்தது 1979. 1981-ல் இங்கிருந்த கூர்க்கா சிக்னல் படையினர் அதையே பயிற்சிக் களமாக்கி டிரெயில்வாக்கர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நான்கு பேர் கொண்ட குழு, 100 கிலோமீட்டர், நான்கு பேரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். 1986-ல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் சேர்ந்து பொதுமக்களுக்கும் திறந்தார்கள். 48 மணி நேரக் கெடு. அதாவது சாதாரண மனிதர் யாராக இருந்தாலும் குறைந்தது ஒரு ராத்திரி மேட்டில் கழித்தே ஆக வேண்டும். இந்த ஊர்க்காரர்களில் எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதல் தடவை தலையில் விளக்கு கட்டியது அதற்குத்தான். நேபாளிகள் இன்னமும் இங்கே மலையோட்டத்தில் கெட்டிக்காரர்கள். அந்த வேர் அங்கிருந்துதான்.

போட்டியின் ராத்திரியில் லயன் ராக் சரிவில் விளக்குகள் வரிசையாக ஊர்ந்து வருவது கீழிருந்தே தெரியும்.

இன்னொன்று. 6ஆம் பகுதியில் ஷிங் முன் அரண் இருக்கிறது, 1930களில் பிரிட்டிஷார் கட்டிய ஜின் டிரிங்கர்ஸ் பாதுகாப்புக் கோட்டின் பகுதி. சுரங்கப்பாதைகளுக்கு லண்டன் தெருப் பெயர்கள் செதுக்கியிருப்பார்கள், சேரிங் கிராஸ் என்றெல்லாம். 1941 டிசம்பர் 9 ராத்திரி ஜப்பானியர் அதைப் பிடித்தார்கள், விடிவதற்குள் கதை முடிந்துவிட்டது. அந்தக் கோட்டில் பஞ்சாப், ராஜ்புத் ரெஜிமெண்டுகளைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்களும் நின்றார்கள். ராத்திரி அந்தச் சுரங்க வாசலில் நான் நின்றதுண்டு, உள்ளே போனதில்லை. போகவும் வேண்டாம், கூரை எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

ராத்திரிவண்டி:
பேய் இருக்கிறதா என்றும் சொல்லிவிடுங்கள் ஐயா :)

பழையகாகிதம்:
பேய் தெரியாது. ஆனால் குதிரை லாட வடிவக் கல்லறைகளும், முன்னோர் எலும்பு வைத்த மண் தாழிகளும் சரிவெங்கும் உண்டு. வளைவில் திரும்பும்போது விளக்கு வெளிச்சத்தில் ஐந்தாறு தாழி வரிசையாக உட்கார்ந்திருக்கும். மரியாதையாகக் கடந்து போங்கள், அவற்றின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுக் காலணி நாடா கட்டாதீர்கள். அப்படி ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஈரக்காலணி:
மழையைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். மே முதல் செப்டம்பர் வரை இதுதான் பாம்பைவிடப் பெரிய விஷயம். மஞ்சள் எச்சரிக்கை என்றால் மணிக்கு 30 மில்லிமீட்டர், சிவப்பு 50, கறுப்பு 70. 2023 செப்டம்பர் 7 ராத்திரி 11-க்கும் 12-க்கும் நடுவே மட்டும் வானிலை மையத்தில் 158.1 மில்லிமீட்டர் பதிவானது. 1884-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுதான் உச்சம். கறுப்பு எச்சரிக்கை 16 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது, பல இடத்தில் சரிவு இடிந்தது. நேரத்தைக் கவனியுங்கள், ராத்திரி 11. நாம் மேட்டில் இருக்கும் நேரம். அந்த மழை பகல் முழுக்கப் பயமுறுத்திவிட்டு வந்ததில்லை.

மஞ்சள் ஏறினாலே நான் கிளம்ப மாட்டேன். ஏற்கெனவே மேலே இருந்தால், ஓடையைக் கடக்கும் வழியில் இறங்க மாட்டேன். தார் ரோடு அல்லது மேட்டுப் பாதைதான். இங்கே ஓடைகள் சின்னவை, சரிவு செங்குத்து, தண்ணீர் நிமிஷத்தில் ஏறும். இடி மின்னல் இருந்தால் மேடும் வேண்டாம், அதனால்தான் முதல் வரி: கிளம்பவே வேண்டாம்.

ஷாடின்புதுசு:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படித்துவிட்டுத் திட்டத்தை மாற்றிவிட்டேன். இந்த சனிக்கிழமை, இரவு 8 மணிக்கு ட்ஸ் வான் ஷானிலிருந்து தார் ரோட்டில் ஷா டின் கணவாய். அங்கிருந்து 5ஆம் பகுதி, லயன் ராக் உச்சிக்கு ஏறிப் படம் எடுத்துவிட்டு, அம்மா பாறை வழியாக இறங்கி வீடு. இரண்டு விளக்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். தனியாக. சரியா?

மலைக்காக்கை:
தனியாக என்பதை அடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஈரக்காலணி:
உச்சியையும் அடியுங்கள். சிங்கத்தின் தலை என்று சொல்லும் இடம் மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கிறவர் கைப்பேசித் திரையைப் பார்ப்பார், திரை கண்ணைக் குருடாக்கும், பின்னால் ஓர் அடி வைப்பார். முதல் தடவை அதைப் பகலில் பாருங்கள். பாதை முழுவதையுமே முதலில் ஒரு காலை நேரம் நடந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. எந்தப் படி உடைந்தது, எங்கே மரம் மூடுகிறது, அம்மா பாறைக்கு எந்தப் பலகையில் திரும்ப வேண்டும், இதெல்லாம் வெயிலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

ராத்திரி ஓடியே ஆக வேண்டும் என்று கால் அரித்தால் விக்டோரியா பீக் மலை மேலே லூகார்ட் ரோடு, ஹார்லெக் ரோடு சுற்று இருக்கிறது. சுமார் மூன்றரை கிலோமீட்டர், தட்டை, தெருவிளக்கு உண்டு, கீழே துறைமுகம் முழுசாகத் தெரியும். அங்கே எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடலாம். இடுப்பு விளக்கைப் பழகவும் அது நல்ல இடம்.

ஷாடின்புதுசு:
சரி, அப்படியே செய்கிறேன். இந்த வாரம் லூகார்ட் ரோடு. ஞாயிறு காலை 5ஆம் பகுதியை நடந்து பார்க்கிறேன். கவுலூன்வாசி அண்ணா, அடுத்த முறை நீங்கள் ராத்திரி போகும்போது நானும் வரலாமா?

கவுலூன்வாசி:
வாங்க. வியாழன் இரவு 7:45, வோங் டாய் சின் மெட்ரோவில் கோயில் பக்கத்து வாசல். ஈரக்காலணியும் வருகிறார், அவர் இருந்தால் நான் விளக்கை அணைக்க முடியாது, எனவே உங்கள் வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள். திறந்த மேட்டில் நின்று ஒரு ஐந்து நிமிஷம் மட்டும் அணைப்போம். நின்றுகொண்டு.

ஈரக்காலணி:
நின்றுகொண்டு என்றால் ஆட்சேபம் இல்லை. மஞ்சள் எச்சரிக்கை ஏறினால் ரத்து, 6 மணிக்கு இங்கேயே எழுதுகிறேன்.

ராத்திரிவண்டி:
நானும் வருகிறேன். சிலந்தி வலைக்கு இந்த முறை வேறு யாராவது முன்னால் போங்கள்.